இக்டல்: வலிப்புநேரம், வலிப்புப்பின், வலிப்பிடை

வலிப்புநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் மருத்துவக் குறிப்பில் 'போஸ்ட் இக்டல்', 'இன்டர் இக்டல்' என்ற சொற்கள் அடிக்கடி வரும். இரண்டுக்கும் மூலம் இக்டஸ் என்ற லத்தீன் சொல். அடி, தாக்கு என்று பொருள். மூளையின் மின்துடிப்பு நிலைகுலையும் அந்தச் சில நொடிகளையோ நிமிடங்களையோ மருத்துவர்கள் இக்டஸ் என்பார்கள். எபிலெப்சியும் ஏறக்குறைய இதே கருத்தில் பிறந்ததுதான்: 'பற்றிப் பிடித்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

தமிழில் வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பதும் இதே வினைதான். கால் கை வலிப்பு, பேச்சில் திரிந்து காக்கா வலிப்பானது என்பார்கள். காக்கைக்கு இதில் வேலையில்லை. இழுப்பு என்றும் சொல்வதுண்டு, ஆனால் பல ஊர்களில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. இன்று வீடுகளில் புழங்கும் சொல் 'ஃபிட்ஸ்'. இவை எல்லாமே கைகால் வெட்டி இழுப்பதைத்தான் காட்டுகின்றன. பழைய பெயர்கள் வேறு பக்கத்தைப் பார்த்தன. அபஸ்மாரம் என்றால் நினைவு நீங்குதல். நடராசர் காலடியில் கிடக்கும் முயலகனுக்கு வடமொழிப் பெயர் அபஸ்மாரன். தமிழில் முயலகன் என்பது நோய்க்கே பெயராயிற்று. கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் நோய் தீரத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடியதைப் பெரியபுராணம் சொல்கிறது.

கைகாலை மட்டும் காட்டும் பெயரால் நடைமுறையில் ஒரு கெடுதல் உண்டு. காரணமில்லாத பயமோ எரிச்சலோ வாரக்கணக்கில் நீளும் சோர்வோ வந்தால், வீட்டார் அதை நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 'குணம் மாறிப்போச்சு' என்கிறார்கள். வலிப்புநோய்க்கான சர்வதேச அமைப்பு 2005இல் வெளியிட்ட வரையறையோ, திரும்பத் திரும்ப வலிப்பு வரக்கூடிய மூளையின் இயல்போடு அறிவு, மனம், சமூக வாழ்வு ஆகியவற்றில் அது விளைவிப்பதையும் நோயின் பகுதியாகவே சேர்த்தது. ஆகவே ஒரு தடவை வருவதை வலிப்பு என்றும், நோயை வலிப்புநோய் என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. இக்டலுக்கு 'வலிப்புநேர', போஸ்ட் இக்டலுக்கு 'வலிப்புப்பின்', இரண்டு வலிப்புக்கு இடைப்பட்ட காலத்தைக் குறிக்கும் இன்டர் இக்டலுக்கு 'வலிப்பிடை' என்பவை பொருந்தும். மனமாற்றம் எப்போது வந்தது என்பதை வைத்துத்தான் மருத்துவர் காரணத்தைத் தேடுவார்.

வலிப்புநேர உணர்ச்சிகளில் மிகுதியாகக் காணப்படுவது பயம். மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலின் உட்பகுதியில், பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் மின்துடிப்பு கிளம்பினால், கைகால் இழுக்காமலேயே திகில் மட்டும் வந்து போகும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் அச்சுப்போல ஒரே மாதிரி இருக்கும். பதற்ற நோயில் வரும் திகில் பொதுவாக இதைவிட நேரம் நீடிக்கும், சூழலுக்கேற்ப மாறவும் செய்யும். பெரிய வலிப்புக்குச் சற்று முன் சிலர் உணரும் இப்படிப்பட்ட அனுபவத்தை மருத்துவர்கள் 'ஆரா' என்பார்கள். அதை முன்னுணர்வு என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆரா என்றால் இளங்காற்று. மருத்துவத்தில் அது வலிப்பின் முன்னறிவிப்பு அல்ல, மூளையின் ஒரு பகுதியோடு நிற்கும் சிறிய வலிப்பேதான். வலிப்புக்குச் சில மணிநேரமோ ஒரு நாளோ முன்பு வரும் சிடுசிடுப்புதான் உண்மையான முன்குறி. அதைப் பெரும்பாலும் முதலில் கண்டுகொள்பவர் கூட இருப்பவர்.

வலிப்புப்பின் நிலையில் குழப்பமும் தூக்கமும் எல்லோருக்கும் தெரிந்தவை. தவறவிடப்படுவது வேறொன்று. அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்து ஓய்ந்த பிறகு, ஒருநாள், சிலருக்கு மூன்று நாள்வரை, ஆள் தெளிவாக இருப்பார். அதன் பின் தூக்கம் கெடும். சந்தேகம், குரல் கேட்பது, சாமி வந்தது போன்ற பேச்சு என்று தொடங்கும். நடுவில் தெளிந்திருந்ததால் இதற்கும் வலிப்புக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை, மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இது வலிப்புப்பின் மனப்பிறழ்வு. பல நாள் நீடிக்கலாம், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் ஆபத்தும் உண்டு. வலிப்புத் தொடருக்குப் பிறகு இரவுத்தூக்கம் போனாலே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வலிப்பிடைக் காலத்தில் முதலிடம் மனச்சோர்வுக்கு. வலிப்புநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புநோயில் வாழ்க்கைத்தரத்தை வலிப்பின் எண்ணிக்கையைவிட மனச்சோர்வே அதிகம் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. சோர்வைக் கண்டுபிடிக்க ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

வலிப்புக்குத் தரும் மருந்தும் மனத்தை மாற்றும். லெவெடிராசெட்டம் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் வாரங்களில் சிலருக்குக் கடுங்கோபம் வரும். முன்பே மனநோய் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பெரம்பானெலிலும் இதே தொல்லை. பினோபார்பிட்டோன் பெரியவர்களைச் சோர்வில் தள்ளும், குழந்தைகளைத் துறுதுறுப்பாக்கும். டோபிரமேட்டில் பேசும்போது சொல் கிடைக்காது. அளவை மெதுவாக ஏற்றினால் குறையும். வால்ப்ரோவேட், கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் மனநிலையைச் சமனாக வைப்பவை. எனவே அவற்றை நிறுத்தும்போது அடங்கியிருந்த சோர்வு வெளிப்படலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் 11 வலிப்பு மருந்துகளின் சோதனைகளைத் தொகுத்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 0.43 சதவீதமாகவும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 0.24 சதவீதமாகவும் இருந்தது. குறைந்த அளவுதான், ஆனாலும் கேட்டறிய வேண்டியது. கோபம் வருகிறதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் வேறு மருந்தைச் சேர்த்துக்கொண்டே பழையதைப் படிப்படியாகக் குறைப்பார்.

வலிப்பு இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை கூடாது என்று மருந்துக்கடையிலும் சொல்லக் கேட்கலாம். அது சரியல்ல. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை வழக்கமான அளவில் பாதுகாப்பானவை. தவிர்க்கப்படுபவை புப்ரோபியானும் குளோமிப்ரமினும்.