பானை வேர்த்தால்தான் குளிரும்: செட்டிநாட்டுச் சாலையில் 42 கிலோமீட்டர்

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே பானை, அதே தண்ணீர், ஆனால் குடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் கசிந்தது ஆவியாகாது. அடியில் சொட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மாரத்தான் ஓடுகிறவரின் உடம்பும் இந்தப் பானைதான். என்ன, இந்தப் பானைக்குள் ஒரு அடுப்பும் எரிகிறது.

அடுப்பு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடலாம். சமதரையில் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டரை 5 மணி நேரத்தில் முடிக்கிறார் என்றால் மணிக்குச் சுமார் 500 கிலோ கலோரி. இதில் காலை நகர்த்தப் பயன்படுவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி 400 வெறும் சூடு. 60 கிலோ உடம்பை 1 டிகிரி சூடாக்க 50 கிலோ கலோரி போதும். அதாவது, இந்தச் சூடு வெளியேற வழியே இல்லாவிட்டால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37-ல் கிளம்பியவர் அரை மணிக்குள் 40-ஐத் தாண்டிவிடுவார்.

அப்படி நடக்காமல் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகும். மணிக்கு 700 மில்லி ஆவியானால் மேலே சொன்ன 400 தீர்ந்தது. 'முழுதாக ஆவியானால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிற வியர்வையும், ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக் என்று சத்தம் போடுகிற வியர்வையும் நஷ்டக் கணக்கு: தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு, சூடு மட்டும் உள்ளேயே. ஈரப்பதம் மிகுந்த காலையில் பாதிக்குப் பாதி இப்படிச் சொட்டிப்போனால், அதே 700 மில்லி ஆவியாக உடம்பு 1.4 லிட்டர் சுரக்க வேண்டியிருக்கும்.

இனி ஊருக்கு வருவோம். 2024-ல் மாநகராட்சியான காரைக்குடி போன்ற நடுத்தர ஊரில் மாரத்தான் என்றால், பந்தயத் தடம் சீக்கிரமே ஊரை விட்டு வெளியே வந்துவிடும். கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று மேற்கே போய்த் திரும்புகிற சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கிற பாதயாத்திரைக்காரர்களுக்குப் பழகிய திசைதான். மேடு பள்ளம் அதிகமில்லை. 'ஃபாஸ்ட் கோர்ஸ்' என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் காற்றும் வெயிலும் தரையைப் போலச் சமமாக இருப்பதில்லை.

தை மாதம், அதிகாலை 4.30. வெப்பமானி 22 காட்டுகிறது. உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிற நேரமும் இதுதான். கூடவே இன்னொரு சங்கதி. அந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். மேற்கே ஓடும்போது அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதுகுக் காற்று தள்ளிவிடும், நல்லதுதானே என்று தோன்றும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்குப் பின்னால் அதே 8 கிலோமீட்டரில் காற்று வந்தால், அவர் தோலின் மேல் வீசுகிற காற்று பூஜ்யம். தோலை ஒட்டிய காற்று ஈரத்தில் ஊறி அங்கேயே நிற்கும், வியர்வை ஆவியாகாது. 'குளிர்ச்சியா இருந்துச்சு, ஆனா பத்தாவது கிலோமீட்டர்லயே பனியன் பிழியற மாதிரி நனைஞ்சிருச்சு' என்று ஓடியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

திரும்பும்போது நிலைமை தலைகீழ். எதிர்காற்று, அது வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் தோலைக் காயவைக்கும். ஈரப்பதமும் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் ஆறரைக்கு மேல் சூரியன் உதித்து, கிழக்கே பார்த்து ஓடுகிறவரின் முகத்தில் நேராக அடிக்கும். வெயிலின் சூடு காற்றின் சூட்டோடு சேர்த்தி இல்லை. நிழலில் 29 டிகிரி இருக்கும்போதே, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் 40 காட்டலாம்.

காற்றின் சூடு, ஈரம், வெயில் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணில் சொல்ல ஒரு கணக்கு உண்டு. 1950-களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததையொட்டி உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், கறுப்பு உருண்டை காட்டுவதில் 20, சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10. மூன்றையும் கூட்ட வேண்டும். காலை 9 மணிக்கு ஈரத்துணி 24, உருண்டை 40, நிழல் 29 என்று வைத்தால் 16.8 + 8 + 2.9 = 27.7. 28-ஐத் தொட்டால் பந்தயத்தையே நிறுத்திவிடுவது விளையாட்டு மருத்துவத்தில் பரவலான வழக்கம். இந்தக் கணக்கில் ஈரத்துணிக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். பந்தயம் நடத்துகிறவர்கள் கைபேசியில் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்து, 'இன்னைக்கு 27தான், பிரச்சினை இல்லை' என்பது பெரிய அசட்டுத்தனம். ஆறு மணிக்குக் கொடியசைக்கலாம் என்று விருந்தினர் வசதிக்காகத் தள்ளிவைப்பது அதைவிட மோசம். அந்த ஒன்றரை மணி நேரத்தின் விலையை 5 மணி நேரக்காரர்கள் கடைசிப் பத்து கிலோமீட்டரில் வெயிலில் கட்ட வேண்டியிருக்கும். இருட்டில் ஓடத் தலைவிளக்கு வேண்டும், ஊர் எல்லையில் நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான் செலவு.

பதினைந்து, பதினெட்டாவது கிலோமீட்டரில் பலர் கவனிக்கிற விஷயம்: வேகம் மாறவே இல்லை, கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு மட்டும் ஏறுகிறது. 145-ல் இருந்தது 160-க்கு வந்து நிற்கும். கடிகாரம் கெட்டுவிடவில்லை. வியர்வை ரத்தத்தின் நீரிலிருந்துதான் வருகிறது. ரத்தத்தின் கன அளவு குறைகிறது. இருக்கிற ரத்தத்திலும் ஒரு பங்கைச் சூடு ஆற்றத் தோலுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற ரத்தம் குறைவதால், எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்கிறது. இந்த இடத்தில் வேகத்தைப் பிடித்துத் தொங்காமல் துடிப்பைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அடுப்பும் 10 சதவீதம் தணியும்.

குடிப்பதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. தவறுகள் அதிகம் நடக்கிற இடம் அதுதான். முதலில் தன் வியர்வையை அளந்துகொள்ள வேண்டும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, பந்தய வேகத்தில், பந்தய நேரத்தில் ஒரு மணி ஓட்டம். சிறுநீர் கழித்துவிட்டு, துணியில்லாமல் எடை பாருங்கள். ஓடி முடித்து, துவட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 60.0 கிலோ 59.1 ஆகியிருக்கிறது, நடுவில் 300 மில்லி குடித்தீர்கள் என்றால் உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். இதை அப்படியே திருப்பிக் குடித்துவிட முடியாது. ஓடும்போது வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடுவதால், மணிக்கு 800 மில்லிக்கு மேல் குடித்தால் பலருக்கும் வயிறு குலுங்கும், குமட்டும். முடிக்கும்போது எடை 2 சதவீதம் குறைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏனென்றால் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தின் தொடக்கம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஓடும்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் இதில் அதிகம் சிக்கியிருந்தார்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாகப் போகிறவர் ஒவ்வொரு பந்தலிலும் நின்று, தன்னார்வலர் நீட்டுகிற டம்ளரை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் எல்லாம் அறிகுறிகள். இப்படி இருப்பவரை 'தண்ணி பத்தலை போல' என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டில் குடிக்கவைப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

மின்பகுபொருள்களை, அதாவது எலக்ட்ரோலைட்டுகளை, பற்றி 1953 முதல் ஆராய்ச்சி நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊரில் எலக்ட்ரோலைட் பாக்கெட்டுக்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை, பானகம் இருக்கிறது. ஆனால் கோயில் பானகத்தை அப்படியே குடித்தால் சிக்கல். இனிப்பு தூக்கலாக இருந்தால் குடலில் சர்க்கரையின் அடர்த்தி ரத்தத்தைவிட அதிகமாகி, தண்ணீர் உள்ளே போவதற்குப் பதிலாகக் குடலுக்குள் இழுக்கப்படும். வயிறு கடமுடா என்று உருளும். ஓட்டத்துக்கான அளவு இது: ஒரு லிட்டர் தண்ணீர், 50 முதல் 60 கிராம் வெல்லம், கால் தேக்கரண்டி தூள் உப்பு, பாதி எலுமிச்சை. கால் தேக்கரண்டி என்பது சுமார் ஒன்றரை கிராம். அதில் சோடியம் 600 மில்லிகிராம். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், கற்களின் அளவைப் பொறுத்து எடை மாறும். வெல்லத்தை வடிகட்டுங்கள். சுக்கைக் கொஞ்சமாகத் தட்டிப் போடலாம். ஏலக்காய் வாசத்துக்கு மட்டும். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். அது குடலில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸாகப் பிரிந்து, வேறு வேறு வாசல் வழியாக ரத்தத்துக்குள் போகிறது. ஒரே வாசலில் நெரிசல் இல்லாததால் வெறும் குளுக்கோஸைவிட வயிறு இதை நன்றாகத் தாங்கும்.

இளநீர்? முடித்தபின் தாராளமாக. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரும் முடித்தபின்தான். ஓடும்போது பால் சேர்ந்த எதையும் வயிறு விரும்புவதில்லை.

முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டி 'செவுத்துல முட்டின மாதிரி' என்பார்கள். தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள கிளைக்கோஜன் (உடம்பு சேமித்துவைக்கிற சர்க்கரை) 60 கிலோ ஆளுக்கு 400 கிராம் என்று வைத்தால் 1,600 கிலோ கலோரி. கிலோமீட்டருக்குச் செலவாகிற 60-ல் முக்கால் பங்கு, அதாவது 45, இதிலிருந்து வந்தால் 35-ல் கையிருப்பு காலி. வேகம் கூடினால் இந்தப் பங்கும் கூடும். உடம்பு சூடானாலும் கூடும். மற்ற ஊரில் 35-ல் வருகிற சுவர் இங்கே 30-க்கே நகர்ந்துவருவது இதனால்தான். முதல் முக்கால் மணியிலிருந்தே மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்: அரை லிட்டர் பானகமும் பாதி வாழைப்பழமும் கணக்கைச் சரிக்கட்டும். முதல் நாள் இரவு இட்லி, இடியாப்பம் போதும். கவுனி அரிசியும் கந்தரப்பமும் செட்டிநாட்டின் பெருமைதான். ஆனால் நாரும் எண்ணெயும் வயிற்றில் தங்கி, அதிகாலையில் தொல்லை தரும். பந்தயம் முடிந்து சாப்பிடலாம், ஓடிவிடாது.

இந்தக் கட்டத்தில் நடுத்தர ஊரின் தனிமையும் சேர்ந்துகொள்ளும். 'ஹாஃப்' ஓடியவர்கள் பதக்கம் வாங்கி டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்; 'ஃபுல்' ஓடுகிறவருக்கு முன்னும் பின்னும் அரை கிலோமீட்டருக்கு ஆள் இருக்காது. யாராவது தள்ளாடினால் பார்க்கவும் ஆளில்லை. இரண்டாம் பாதியில் பைக்கில் சுற்றிவருகிற இருவர் இருந்தால் அது பத்து பேனருக்குச் சமம்.

கோட்டைத் தாண்டிய உடனே விழுகிறவர்கள் பெரும்பாலும் ஆபத்தில் இல்லை. ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது; சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், தலை சுற்றும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். நிற்காமல் ஒரு பத்து நிமிடம் நடப்பது இன்னும் நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வளைந்து வளைந்து போகிறவர், பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறவர், காரணமில்லாமல் கோபப்படுகிறவர், இவர்களைத்தான் விடக்கூடாது. உள் வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கலாம். வெப்பத் தாக்கு வந்தால் வியர்வை நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஓட்டத்தில் வருகிற வெப்பத் தாக்கில் ஆள் தொப்பலாக நனைந்தே இருப்பார். நெற்றியில் காட்டுகிற வெப்பமானி குறைத்துச் சொல்லும். ஆசனவாய் அளவு ஒன்றே நம்பகமானது. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் குளிர்விக்க வேண்டும். ஒரு தார்ப்பாய், நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் அவரைக் கிடத்தி 100 முதல் 150 லிட்டர் ஐஸ் தண்ணீர். தலை மட்டும் வெளியே, ஒருவர் தாங்கிப் பிடிக்க, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறையில் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி அளவுக்கு இறங்கும். 39-க்கு வந்ததும் வெளியே எடுத்துவிடலாம். ஐஸ் பாரை முதல் நாள் இரவே வாங்கி, கல்யாண அண்டாக்களில் தண்ணீரோடு சாக்குப் போட்டு மூடி வைத்தால் காலை பத்து வரை தாங்கும். அண்டாவுக்குச் செட்டிநாட்டில் பஞ்சமா என்ன?

முடித்தவர்களுக்கு ஒன்று பாக்கி. கால் வலிக்கிறதென்று உடனே இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போட வேண்டாம். ஐந்து மணி நேரமாக ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய், சிறுநீரகத்துக்குக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. இந்த மாத்திரைகள் அதையும் சுருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும்வரை பொறுங்கள். கறுப்புக் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.