ரிப்போர்ட் பாசிட்டிவ்னு சொன்னேன், அவங்க சந்தோஷப்பட்டாங்க

டாக்டராகி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா ஒரு விஷயம் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு அம்மா டெஸ்ட் ரிசல்ட்டுக்காக எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க, வெளிய ஒரே கூட்டம், நான் பேப்பர பார்த்துக்கிட்டே "பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா"ன்னுட்டேன். அவங்க கண்ண மூடி பெருசா ஒரு மூச்சு விட்டுட்டு "அப்பாடா, ரெண்டு நாளா தூக்கமே இல்ல டாக்டர்"ன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்னுமே ஓடல. அவங்க மேல என்ன தப்பு? பாசிட்டிவா யோசிங்க, பாசிட்டிவா பேசுங்கன்னுதான ஊரே சொல்லுது, பாசிட்டிவ்னா நல்லதுதான? லேப்ல மட்டும்தான் அதுக்கு "தேடுன நோய் கிடைச்சிருச்சு"ன்னு அர்த்தம். சந்தோஷப்பட்டவங்கள திரும்ப உட்கார வெச்சு இல்லம்மா அது அப்படி இல்லன்னு ஆரம்பிக்கிறது இருக்கே, அந்த வலி முழுக்க நான் குடுத்தது, நோய் குடுத்தது இல்ல.

அதே மாதிரிதான் "நார்மல்"ங்கிற வார்த்தையும். சுகர் நார்மலா இருக்குன்னு சொல்லி அனுப்புவோம், மூணு மாசம் கழிச்சு 300ல வந்து நிப்பாங்க. ஏங்க மாத்திரைய நிறுத்துனீங்கன்னா, "நீங்கதான டாக்டர் நார்மல்னு சொன்னீங்க"ன்னு பதில் வரும். நான் சொன்னது மாத்திரை போடுறதால நார்மலா இருக்குன்னு, அவங்க கேட்டது நோய் போயிடுச்சுன்னு. இப்பல்லாம் "மாத்திரை நல்லா வேலை செய்யுது, அத நிறுத்துனா திரும்ப ஏறிடும்"னு முழுசா சொல்றேன். கூட பத்து செகண்ட் ஆகுது அவ்ளோதான்.

இது சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேஸ் சொல்றேன். 1980ல அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல 18 வயசு பையன் ஒருத்தன மயக்கமா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வந்தாங்க. ஸ்பானிஷ் பேசுற குடும்பம். "இண்டாக்ஸிகாடோ"ன்னு சொன்னாங்க, அவங்க பேச்சு வழக்குல சாப்பிட்டதோ குடிச்சதோ ஒத்துக்காம உடம்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இங்கிலீஷ் காதுக்கு அது போதைன்னு விழுந்துச்சு. ட்ரக் ஓவர்டோஸ்னு முடிவு பண்ணி அதுக்கே ட்ரீட்மெண்ட் ஓடிச்சு, உண்மையில மூளைக்குள்ள ரத்தக்கசிவு. கண்டுபிடிக்கும்போது லேட், கை கால் நாலும் செயலிழந்து போச்சு, நஷ்ட ஈடு சுமார் 7.1 கோடி டாலர்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் புரிஞ்சிடுச்சுன்னே நினைச்சதால மொழிபெயர்ப்பாளர கூப்பிடணும்னே யாருக்கும் தோணல, எனக்கு இதுல பயமே அதுதான்.

வார்த்தை ஒரு பக்கம்னா அந்த "சரிங்க டாக்டர்" இன்னொரு பக்கம். எட்வர்ட் ஹால்னு ஒரு மானுடவியலாளர் 1976லயே எழுதினாரு, சில சமூகங்கள்ல சேதி முழுசா வார்த்தையிலயே இருக்கும், சில சமூகங்கள்ல பாதி சேதி வார்த்தைக்கு வெளிய, யார் யாருகிட்ட எந்த இடத்துல எப்படி சொல்றாங்கங்கிறதுல இருக்கும்னு. ரெண்டாவது வகையில வளர்ந்தவங்க பெரியவங்கன்னு நினைக்கிற ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. "சரிங்க"ன்னா நீங்க பேசுனது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், "பார்க்கலாம்"னா பெரும்பாலும் வேண்டாம்னு அர்த்தம். நான் என்னடான்னா தலையாட்டல எல்லாம் சம்மதம்னு கணக்கு எழுதிட்டு, அப்புறம் பேஷண்ட் சொன்ன பேச்ச கேக்குறதே இல்லன்னு ஸ்டாஃப் ரூம்ல புலம்பிக்கிட்டு இருந்தேன்.

அதனால "புரிஞ்சுதா"ன்னு கேக்குறத நிறுத்திட்டேன், அதுக்கு வர்ற பதில் ஒன்னே ஒன்னுதான. இப்ப "வீட்டுக்கு போனதும் டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பாங்கல்ல, என்ன சொல்லுவீங்க"ன்னு கேக்குறேன். நான் சரியா சொன்னேனான்னு எனக்கு செக் பண்ணிக்கதான்னும் சேர்த்து சொல்லிடுவேன், இல்லன்னா பரீட்சை வைக்கிற மாதிரி ஆயிடும். முதல் வாரம் கேட்ட பதில்கள்ல எனக்கே வெட்கமா போச்சு.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு சொன்னா முன்னாடியெல்லாம் எரிச்சல் வரும், உங்க உடம்புக்கு நீங்கதான முடிவெடுக்கணும்னு. அது நான் படிச்ச புத்தகத்தோட மதிப்பீடு. சிலருக்கு முடிவுங்கிறது தனியா எடுக்குற விஷயமே கிடையாது, குடும்பமா எடுக்குறது, அத பலவீனம்னு சொல்ல நான் யாரு. இப்ப "அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன், சேர்ந்தே பேசலாம்"னு சொல்றேன். ஆனா ஒன்னு, அதுக்கு முன்னாடி பேஷண்ட தனியா உட்கார வெச்சு, இத வீட்ல சொல்லலாமா, எது வரைக்கும் சொல்லலாம்னு கண்டிப்பா கேட்டுக்குவேன். குடும்பம்னு சொல்லி வாய அடைக்கிறதும் நடக்குது, அதையும் பார்த்திருக்கேன்.

தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, யோசிச்சு பார்த்திருக்கீங்களா? இங்கிலீஷ்ல "வி" ஒன்னுதான், நமக்கு நாங்கன்னு ஒன்னு நாமன்னு ஒன்னு. "நாங்க சொல்றத கேளுங்க"ன்னா எதிர்ல இருக்கவர் வெளிய நிக்கிறாரு. "நாம இத எப்படி குறைக்கலாம்"னா அவரும் உள்ள வந்துடுறாரு. "நீங்க குறைக்கணும்"னா அது உத்தரவு, உத்தரவு போட்டா மனுஷனுக்கு மீறதான் தோணும். ஆனா உண்மையிலேயே கூட நிக்காம சும்மா வாயில மட்டும் நாம நாமன்னு சொன்னா, அதுவும் ஜனங்களுக்கு தெரிஞ்சிடும், அவங்க அவ்ளோ ஏமாளி இல்ல.

நம்பர் சொல்றதுலயும் இதே கதை. ஆபரேஷன் பண்ணா 100 பேர்ல 90 பேர் பிழைப்பாங்கன்னு சொல்றதும் 10 பேர் இறந்துடுவாங்கன்னு சொல்றதும் ஒரே கணக்கு. 1982ல இத வெச்சே ஒரு ஆய்வு வந்துச்சு, பிழைப்பாங்கன்னு கேட்டவங்க ஆபரேஷன் பக்கம் அதிகமா சாஞ்சாங்க, சாஞ்சவங்கள்ல டாக்டர்களும் உண்டு! 1995ல பிரிட்டன்ல இதவிட மோசமா ஒன்னு நடந்துச்சு. புது வகை கருத்தடை மாத்திரையால ரத்தம் உறையிற ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு எச்சரிக்கை விட்டாங்க. பொய் இல்ல. 7000 பேர்ல ஒருத்தருக்கு இருந்தது 7000 பேர்ல ரெண்டு பேர்னு ஆச்சு, அதுதான் அந்த ரெண்டு மடங்கு. பயந்துபோய் நிறைய பேர் மாத்திரைய நிறுத்துனாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல கூடுதலா சுமார் 13,000 கருக்கலைப்பு நடந்ததா கணக்கு சொல்றாங்க. இதுல கொடுமை என்னன்னா, கர்ப்பத்துல ரத்தம் உறையிற ஆபத்து அந்த மாத்திரையில இருக்கறதவிட அதிகம். அதனால யாராவது "ரெண்டு மடங்கு"ன்னு சொன்னா எதுலேர்ந்து எதுக்குன்னு கேளுங்க, நான் சொன்னாலும் கேளுங்க.

சரி, இப்ப மதிப்பீடு. ஒருத்தர் எத பெருசா நினைக்கிறாருங்கிறது தெரியாம அவர மாத்த முடியாது. எங்க ஆளுங்களையே எடுத்துக்கோங்க, கை கழுவுங்கன்னு ஆஸ்பத்திரி சுவர் பூரா எழுதி வெச்சாலும் கழுவ மாட்டோம். 2011ல வெளியான ஒரு ஆய்வுல ரெண்டு விதமா போர்டு வெச்சாங்க, கை கழுவுனா உங்களுக்கு நோய் வராதுன்னு ஒன்னு, பேஷண்டுக்கு நோய் வராதுன்னு ஒன்னு. ரெண்டாவதுதான் வேலை செஞ்சுச்சு. தனக்கு ஒன்னும் வராதுங்கிற திமிரு எங்களுக்கு எப்பவும் உண்டு, பேஷண்டுன்னு சொன்னாதான் உறைக்கும்.

இதுக்கு பெரிய உதாரணம் 2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல பரவுன எபோலா வைரஸ். கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகள்ல நிறைய பேருக்கு வந்துச்சு. அதுல இறந்தவங்க உடம்ப தொட்டாலே தொத்தும், புதுசா வர்ற தொற்றுல குறைஞ்சது 20 சதவீதம் அடக்கத்தப்ப வருதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுச்சு. அதனால கவச உடை போட்டவங்க வந்து உடம்ப பையில போட்டு தூக்கிட்டு போனாங்க. அறிவியல்படி சரிதான். ஆனா அம்மாவ கடைசியா ஒரு தடவ சரியா வழியனுப்ப முடியாதவன்கிட்ட போய் வைரஸ் பத்தி வகுப்பெடுத்தா கேப்பானா? ஒளிச்சு வெச்சு அடக்கம் பண்ணாங்க, டீமை எதிர்த்தாங்க. அந்த நவம்பர்ல உலக சுகாதார அமைப்பு மானுடவியலாளர்கள், மத அமைப்புகளோட சேர்ந்து புது வழிமுறை போட்டுச்சு, பேரே "பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்". உடம்ப தொடக்கூடாதுங்கிறது அப்படியேதான் இருந்துச்சு, ஆனா குடும்பத்த கேட்டு செய்யணும், பிரார்த்தனைக்கு இடம் விடணும்னு சேர்த்தாங்க. கண்ணியம்ங்கிற அந்த ஒரு வார்த்தைய முதல்லயே யோசிச்சிருக்கலாம்.

இப்படியெல்லாம் பேசுறது ஆள மடக்குற வேலை இல்லையான்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், விளம்பரக்காரங்களும் இதத்தான் செய்றாங்க. எனக்கு நானே வெச்சிருக்க சோதனை ஒன்னு இருக்கு: "இப்படி சொன்னா உங்களுக்கு ஏறும்னுதான் இப்படி சொல்றேன்"னு அவங்ககிட்டயே ஓப்பனா சொல்ல முடியுமா? சொல்ல வாய் வரலன்னா அது ஏமாத்து வேலை, விட்டுடுவேன்.

ஒருத்தர் ரெண்டு வருஷமா இன்சுலின் வேண்டவே வேண்டாம்னு இருந்தாரு. கண்ணு போயிடும், கிட்னி போயிடும், கால எடுக்கணும்னு பயமுறுத்தாத பயம் இல்ல, அவரு அதுக்கெல்லாம் "சரிங்க டாக்டர்"தான். ஒரு நாள் எனக்கே சலிச்சுபோய், "இன்சுலின்னு சொன்னதும் உங்களுக்கு என்னதாங்க ஞாபகம் வருது"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "எங்கப்பாவுக்கு போட ஆரம்பிச்சாங்க, ஆறே மாசம், போயிட்டாரு"ன்னாரு. நான் இன்சுலின்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்கு சாவுன்னு கேட்டிருக்கு. அப்பாவுக்கு சுகர் வந்து எத்தன வருஷம் கழிச்சு போட ஆரம்பிச்சாங்கன்னு மட்டும் கேட்டேன். இருபது வருஷம் இருக்கும், அப்பவே கிட்னி கெட்டுப்போச்சுன்னாரு, சொல்லிட்டு அவரே யோசிச்சாரு. அன்னைக்கு அவரு ஒத்துக்கல. எந்திரிச்சு கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து, "அந்த ஊசி எவ்ளோ பெருசா இருக்கும்"னு கேட்டாரு. பேனா மாதிரி இருக்க இன்சுலின் பென்ல மாட்டுற 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்ன எடுத்து குடுத்தேன். மூடிய கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு பார்த்துட்டு, "இவ்ளோதானா"ன்னாரு.