கறிவேப்பிலையில் புழு வந்தால் மருந்தைத் தேடாதீர்கள்

மழை விட்டுக் கறிவேப்பிலை துளிர்க்கத் தொடங்கினால் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வந்து விழும். "தம்பி, இலை மேல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு, தொட்டா அசையுது. என்ன மருந்து அடிக்கலாம்?" மாடித்தோட்டம் அமைத்துக் கொடுத்து, அதைப் பராமரிக்க வழி சொல்வது என் தொழில். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் மருந்துப் பெயர் சொல்வதில்லை.

அந்த எச்சம் பெரும்பாலும் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியின் புழு. இல்லையென்றால் அதன் உறவான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்று ஒரே குடும்பத்துச் செடிகள்தான் இவற்றுக்கு உணவு. பக்கத்துத் தொட்டியில் இருக்கும் கத்தரிக்கோ ரோஜாவுக்கோ இவை போகாது. தாய்ப்பூச்சி துளிரைச் சுற்றிப் படபடத்து, முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். சுவையறியும் உணர்விகள் அதன் பாதத்தில்தான் இருக்கின்றன. சரியான செடி என்று உறுதியான பிறகே, வெளிர்மஞ்சள் நிற முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். புழு நான்கு முறை தோலுரிக்கும். நான்காவது முறை உரிக்கும் வரைதான் எச்ச வேடம். அதன்பின் பச்சை நிறமாகி, முன்பக்கம் கண் போன்ற இரண்டு புள்ளிகளோடு நிற்கும். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து நாக்குப் போல் பிளந்த ஒரு சிவப்பு உறுப்பு வெளியே வரும், கூடவே காட்டமான நெடி அடிக்கும். எறும்பையும் சின்ன எதிரிகளையும் விரட்ட அதனிடம் இருப்பது அவ்வளவுதான். கம்பளிப்பூச்சி போல் இதற்குச் சுணை கிடையாது; கையில் எடுத்தாலும் அரிக்காது. குழந்தைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம்.

முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் கூட்டுப்புழு ஆகும்வரை சுமார் இரண்டு வாரம். இலையில் பெரும்பகுதியைத் தின்பது கடைசிச் சில நாட்களில்தான். ஆகவே நீங்கள் பச்சைப் புழுவைப் பார்த்துப் பதறும்போது அது சாப்பாட்டை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. நன்றாக வேர்பிடித்த கறிவேப்பிலை மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். நாமே கவாத்து செய்வதில்லையா?

காலையில் மருந்தடித்த இலையை மாலையில் கிள்ளித் தாளிப்பில் போடுகிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஊடுருவிப் பாயும் வகை மருந்துகள் இலைக்குள்ளேயே இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. வேப்பெண்ணெய் நமக்குப் பரவாயில்லை. ஆனால் புழுவின் தீனியையும் தோலுரிப்பையும் அது நிறுத்திவிடும். 'இயற்கை மருந்துதானே' என்று தெளித்தாலும் புழு சாகத்தான் செய்யும்.

இப்படி நாம் கொல்வது எதை என்று தெரிந்துகொள்ள வேண்டும். காமன் மார்மன் ஆண் கறுப்பு. பின்னிறக்கையில் வெண்புள்ளிகள் பட்டையாக ஓடும். பெண்ணில் மூன்று வகை உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும், மூன்றாவது வகை கிரிம்சன் ரோஸைப் போலவும் இருக்கும். அந்த ரோஸ் இனங்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்து வைப்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. நஞ்சே இல்லாத மார்மன் பெண் அந்த அச்சத்தைத் தன் கவசமாக்கிக்கொள்கிறது. நீங்களே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம்: இறக்கையைப் பார்க்காதீர்கள், உடலைப் பாருங்கள். ரோஸின் உடல் சிவப்பு, மார்மனின் உடல் கறுப்பு.

இத்தனை வேறுபட்ட பெண்களும் ஒரே இனம்தான் என்று 1865-இல் எழுதியவர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1910-களில் ஃபிரையர் என்பவர் இலங்கையில் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, இந்த வேடம் மரபுவழி வருவதைக் காட்டினார். 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மரபணுவை அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் டபுள்செக்ஸ். பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுவே இங்கே இறக்கையின் வேடத்தையும் தீர்மானிக்கிறது.

அசல் குறைந்தால் வேடமும் பலிக்காது. வேலியோரத்து ஈஸ்வரமூலியைக் களை என்று பிடுங்கும்போது கிரிம்சன் ரோஸோடு மார்மனின் பாதுகாப்பும் போகிறது. இடமிருப்பவர்களுக்கு ஒரு தொட்டியில் அந்தக் கொடியை வைக்கச் சொல்கிறேன். ஆனால் யார் சொன்னாலும் அதைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

வளர்ந்த புழு செடியைவிட்டு இறங்கிக் காய்ந்த குச்சி, சுவர், தொட்டி ஸ்டாண்டு என்று எங்காவது ஒண்டும். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும், குச்சியில் பழுப்பாகவும் இருப்பதால் பெருக்கும்போது தெரியாமல் போய்விடும்; ஸ்டாண்டுகளைத் துடைப்பதற்கு முன் பாருங்கள். சில கூடுகளில் சின்னத் துளை விழுந்து, பூச்சி வராமலே போகும். அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. புழுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்வது இந்தக் குளவிகளும் பறவைகளும்தான். மருந்து குளவியையும் கொன்றுவிடும்.

கன்று சின்னதாக இருந்தால் புழுவை இலையோடு எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள், கன்றைக் கொசுவலையால் மூடுங்கள். இலை ஓரத்திலிருந்து கடிபட்டிருந்தால் இந்தப் புழுதான். இலை சுருண்டு, பிசுபிசுத்து, கரும்பூசணம் படிந்து, எறும்பு ஏறினால் அது சாறு உறிஞ்சும் பூச்சி. அதற்குத் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பது, தண்டைத் துடைப்பது என்று வேறு வழி. எலுமிச்சை நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழு நிஜமாகவே இழப்பு, அதை நான் மறுக்கவில்லை. அங்கேகூடக் காலையில் ஒரு சுற்று நடந்து துளிரில் முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்குவதைத்தான் முதலில் சொல்வேன்.