கையில் ஜெர்மன் வில், பிடி பிரெஞ்சு

வள்ளியூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் டபுள் பாஸ் என்ற, ஆளுயர வயலின்போன்ற வாத்தியம் வாசிக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் பாளையங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். “மயிர் மாற்ற வேண்டும், அண்ணாச்சி” என்று, தந்தியை உரசும் குதிரைமயிர் கட்டிய வில்லை நீட்டினார். என் கண் போனது அவர் கட்டைவிரலுக்கு. நகத்தோரம் சிவந்து காய்த்திருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். சந்தேகித்தபடிதான்: வில் ஜெர்மன், பிடி பிரெஞ்சு. ஆறு மாதமாக இப்படித்தானாம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தூரத்தில் பார்த்தால் இரண்டு வில்லும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் மயிரைப் பிடித்திருக்கும் அடிக்கட்டையில். ஜெர்மன் வில்லில் அது உயரம், மயிரை இறுக்கும் திருகும் நீளம். ரம்பம் பிடிப்பதுபோலப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். கட்டைவிரல் குச்சியின்மேல், சுண்டுவிரல் அடிக்கட்டைக்குக் கீழே. வயோல் என்ற பழைய வாத்தியக் குடும்பத்தின் வழிவந்த பிடி இது. பிரெஞ்சு வில்லின் கட்டை குள்ளம். செல்லோ என்ற பெரிய வயலின் வாசிப்பவர்களைப்போலக் கையை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கலாம். தோளிலிருந்து தொங்கும் கையின் பாரம் ஆள்காட்டி விரல் வழியே தந்திக்கு இறங்கிவிடும். உயரக் கட்டையை அப்படிக் கவிழ்த்துப் பிடித்தால் விரல்களுக்குப் பிடிமானம் இராது. கட்டைவிரல்தான் அழுத்தி அழுத்திச் சாகும். பாஸ் வில் வயலின் வில்லைப்போல் இரண்டு மடங்கு எடை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது உசத்தி என்று கேட்காதீர்கள். டிராகொனெட்டி (1763–1846) ஜெர்மன் வில்போலக் கீழ்ப்பிடிக்காரர், பொட்டெசினி (1821–1889) பிரெஞ்சு வில்போல மேற்பிடிக்காரர். இருவருமே டபுள் பாஸில் மகா வித்வான்கள். வியன்னாவில் ஜெர்மன் வில், பாரிஸில் பிரெஞ்சு. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வயலின் பழகிய கைக்குப் பிரெஞ்சு சீக்கிரம் படியும் என்பது என் அனுபவம். எதுவானாலும் வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வில் மயிரில் தேய்க்கும் பிசின்தான் ரோசின். பாஸ் ரோசின் வயலின் ரோசினைவிட இளக்கமானது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் பாகாகிவிடும். தம்பியின் டப்பாவைக் கத்தி கொண்டுதான் திறந்தேன். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்துங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தொய்யும் மயிர், வறண்ட காற்றில் சுருங்கிக் குச்சியையே வளைத்துவிடும்.

அவர் வில்லில் மயிர் நன்றாகவே இருந்தது. அதை மாற்றவில்லை, பிடியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிடம் தடுமாறினார். பிறகு தடித்த தந்தியில் ஒரே இழுப்பு. மேசைமேல் தகர டப்பாவில் கிடந்த திருகாணிகள் கிணுகிணுத்தன.