மஞ்சளைக் கண்டதும் விரல் நழுவினால்

வில்வித்தையில் 70 மீட்டர் தொலைவு இலக்கின் மஞ்சள் மையத்திலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 12.2 சென்டிமீட்டர். நாணை விடும் கணத்தில் அம்பின் முனை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகினாலே அந்த வட்டம் தப்பிவிடும். அம்பு தப்பியதும் பலரும் கண்ணைத்தான் குறை சொல்வார்கள். பாவம் கண், அது பெரும்பாலும் நிரபராதி.

சைட் (வில்லில் பொருத்திய குறிகாட்டி) மஞ்சளைத் தொட்டதுமே, கிளிக்கர் (போதுமான அளவு இழுத்ததும் ஒலிக்கும் தகடு) தட்டுமுன் விரல் திறந்துவிடுகிறதா? அல்லது சைட் மஞ்சளுக்குக் கீழேயே உறைந்து, மேலேற மறுக்கிறதா? இரண்டுமே 'டார்கெட் பானிக்' என்னும் இலக்குப் பதற்றம்தான். இதற்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை. இலக்கைப் பார்ப்பதும் நாணை விடுவதும் மூளையில் ஒரே முடிச்சாக இறுகிவிட்டன.

முதலில் வில்லின் பவுண்டை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசையைப் பாருங்கள். முழு இழுப்பில் பத்து நொடி நடுங்காமல் நிற்க முடியாவிட்டால் அந்த வில் உங்களுக்கு அதிகம். 'வளர்ந்ததும் சரியாகிவிடும்' என்று பிள்ளைகளுக்குக் கனமான வில் வாங்கித் தருவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

அடுத்து, சைட்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். இலக்குத் தாள் ஒட்டாத வெற்றுப் பலகைக்கு மூன்று முதல் ஐந்து மீட்டரில் நின்று, கண்ணை மூடி எய்யுங்கள். கிளிக்கர் என்பது அம்பின்மேல் படிந்திருக்கும் மெல்லிய தகடு. முனை அதன் அடியிலிருந்து விலகியதும் ரைசரில் (வில்லின் நடுப்பகுதி) 'டக்' என்று அடிக்கும். அந்தக் கடைசி ஓரிரு மில்லிமீட்டரை விரலால் இழுக்காதீர்கள்; தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர்ந்தே அது வரவேண்டும். விரலைத் திறக்கவும் முயலாதீர்கள், தளர்த்தினால் போதும். கை தாடையை உரசியபடி காதுக்குக் கீழே பின்னோக்கிப் போகும். முகத்தைவிட்டு வெளியே வீசினால், வலக்கைக்காரரின் அம்பு இடப்பக்கம் போகும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, சைட்டை மறுபடி மாட்டி, தாளை ஒட்டி, குறிபார்த்து, கிளிக்கர் தட்டிய பிறகும் எய்யாமல் மெதுவாக இறக்குங்கள். பத்துமுறை இழுத்தால் ஐந்துமுறையாவது இப்படி. எரிச்சலாகத்தான் இருக்கும். முடிச்சு அவிழ்வது இங்கேதான். (அம்பில்லாமல் நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள், விசை முழுவதும் வில்லிலேயே இறங்கி லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளந்துவிடலாம்.)

பிறகு 5, 10, 18 மீட்டர் என்று பின்வாங்கலாம். எங்காவது விரல் ஒருமுறை முந்திக்கொண்டாலும், அடுத்த அம்பு மறுபடி வெற்றுப் பலகைக்குத்தான்.