நாய் இருமத் தொடங்குமுன் மூச்சுக்குழாயில் நடப்பவை

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டால், "நாய்க்குத் தடிமன் டொக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டு வருவோர் அதிகம். இருமலுக்குக் காரணங்கள் பல. டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் வைரஸ் நோயும் அவற்றுள் ஒன்று. இங்கே நான் எழுதுவது இன்புளுவென்சாவைப் பற்றி மட்டுமே.

குதிரைகளிடமிருந்த எச்3என்8 என்னும் இன்புளுவென்சா வைரஸ், 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பந்தய நாய்களைத் தாக்கியது கண்டறியப்பட்டது. பறவைகளிலிருந்து ஆசியாவில் நாய்களுக்குத் தாவிய எச்3என்2 என்னும் இன்னொரு வகை, 2015இல் சிக்காகோவில் பரவியது. இவை நாய்க்குள் நுழைய இடங்கொடுப்பது, மூச்சுக்குழாய்க் கலங்களின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலமாகும். வைரஸின் ஹீமகுளூட்டினின் புரதம் அதைப் பற்றிக்கொண்டதும், கலம் தானாகவே வைரஸை ஒரு சிறு பைக்குள் உள்ளிழுக்கிறது. அந்தப் பையில் அமிலத்தன்மை கூடும்போது புரதம் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் மென்சவ்வோடு இணைத்து, உள்ளிருக்கும் அதன் மரபுப்பொருளான 8 ஆர்என்ஏ துண்டுகளுக்கு வழிவிடுகிறது. ஆர்என்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை கலத்தின் கருவுக்குள் போவதில்லை. இது போகிறது, அங்கே கலத்தின் சொந்த ஆர்என்ஏக்களின் முனையைக் கத்தரித்துத் தன்னுடையதற்குப் பயன்படுத்துகிறது. புதிய வைரஸ்கள், காற்றுப் போகும் பக்கமாகவே மொட்டுவிட்டு வெளிவருகின்றன, நியூராமினிடேஸ் என்னும் நொதியம் சியாலிக் அமிலத்தை அறுத்து அவற்றை விடுவிக்கிறது.

ஆகவே தும்மலிலும் மூக்குச் சளியிலும் வைரஸ் நிறைந்திருக்கும், அதுவும் நாய் நோயாளியாகத் தெரியுமுன்பே. நுண்மயிர் போன்ற பிசிர்களுள்ள கலங்கள் அழிந்துபோவதால் சளியை மேலே தள்ள ஆளில்லாமல் போக, பற்றீரியா குடியேறுகிறது. மூக்கில் மஞ்சள் சளி வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அன்டிபயோட்டிக் ஊசி பயன்படுவதும் இதற்கே, வைரஸுக்கு அல்ல.

லயத்து நாய்கள் ஒரே சட்டியில் தின்று, ஒரே இஸ்தோப்பில் படுப்பவை. இருமும் நாயைத் தனியே கட்டி, சட்டியைப் பிரித்து, மூன்று வாரங்களுக்குக் குறையாமல் மற்றவற்றோடு சேரவிடாதீர்கள். கழுத்துச் சங்கிலி இழுபட்டாலே இருமல் கூடும் என்பதால் நெஞ்சுப்பட்டி நல்லது. விறகடுப்புப் புகையும் ஆகாது. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், கொடுக்கவே வேண்டாம். படுத்திருக்கும்போதும் வயிறு எக்கி மூச்சு வாங்கினால், அல்லது பல்முரசு நீலம் பாய்ந்தால், விடியும்வரை காத்திராமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.