மஞ்சள்தூளை வைத்து ஒரு சாயங்காலத்தை ஓட்டுவது எப்படி?

குழம்புக்கறை பட்ட வெள்ளைச் சட்டையில் துணி சோப்பைத் தேய்த்ததும் கறை திடீரென்று ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு அது தலைவலி. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல வேடிக்கை வீட்டில் கிடையாது, காசு கொடுத்து வாங்கும் அறிவியல் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கறை அளவுக்குக்கூட சுவாரசியமாக இருப்பதில்லை என்பது என் கட்சி. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இதே சங்கதிதான்.

முதலில் மஞ்சள் காகிதம் செய்ய வேண்டும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் போய்த் தங்கிவிடும், ஏனென்றால் நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கைக்குப் போடும், ஆல்கஹால் கலந்த சானிடைசர் மிச்சம் இருந்தால் (தண்ணீர் மாதிரி இருக்கும் வகை நல்லது) இரண்டு மூன்று ஸ்பூன் எடுத்து, அதில் கால் ஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் பஞ்சால் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் பூசினால் முடிந்தது. இந்த வேலையைப் பெரியவர்கள் அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள், சானிடைசர் சட்டென்று தீப்பிடிக்கும். காகிதத்தை நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் குர்குமின் சிதைந்து நிறம் வெளுத்துவிடும். துணியில் விடாப்பிடியாக நிற்கும் மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் போடுவதும் இதற்காகத்தான்.

காகிதம் காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டிக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். எதையும் தொட்டு வைக்கும் முன் "இது சிவக்குமா, சிவக்காதா?" என்று கேட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு அப்புறம் வையுங்கள். இதை விட்டால் வெறும் வேடிக்கை பார்ப்பதோடு போய்விடும். ஊகம் சொன்ன பிள்ளைக்குத்தான் ஏன் என்ற கேள்வி வரும்.

துணி சோப்பு கரைத்த தண்ணீரைக் காகிதத்தில் ஒரு துளி விடுங்கள். துளி விழுந்த இடம் உடனே செங்காவியாகி, காகிதத்தில் நீர் ஊற ஊற அந்தச் சிவப்பும் விளிம்பை நோக்கி மெல்ல நகரும். அடுத்து குளியல் சோப்பு, பெரும்பாலும் அதுவும் சிவக்கும். ஷாம்புவை வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நுரை வருவதெல்லாம் சோப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை இங்கே குழம்பும், குழம்பட்டும். எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் எதற்கும் காகிதம் அசையாது. ஆப்ப சோடா மட்டும் இரண்டுங்கெட்டான், லேசாக ஆரஞ்சு பக்கம் போய் நின்றுவிடும். சுண்ணாம்பு அடர்ந்த சிவப்பைத் தரும், ஆனால் குழந்தை கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

சரி, ஏன் சிவக்கிறது?

வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. குர்குமின் மூலக்கூறு அதில் ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக வந்து சேர்கிறது. சோப்புத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது (மிளகாய்க் காரம் இல்லை, எலுமிச்சை மாதிரி அமிலங்களுக்கு எதிர்ப்பக்கம்). காரம் அந்த மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. போனதும் மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவி நிற்கின்றன, அவற்றைக் கிளப்பிவிட முன்னளவு ஆற்றல் தேவைப்படாது. ஆகவே ஆற்றல் குறைந்த பச்சை பக்கத்து ஒளியையும் உறிஞ்ச ஆரம்பிக்கிறது. நீலமும் போய் பச்சையும் போனால் மிஞ்சுவது சிவப்புதான். இத்தனையும் நடக்கக் காரணமான குர்குமின், 100 கிராம் மஞ்சள்தூளில் பெரும்பாலும் 5 கிராமுக்கும் குறைவு. வோகல், பெல்லெட்டியே என்ற இருவர் 1815-இலேயே மஞ்சளிலிருந்து இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

குழந்தைக்கு எலக்ட்ரான் கதை வேண்டாம். மஞ்சளுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பூச்சிகள் இருக்கிற மாதிரி வைத்துக்கொள், அதுங்க நீல வெளிச்சத்தைத் தின்னும், சோப்பு பட்டால் பச்சையையும் சேர்த்துத் தின்னும், தின்னாமல் விட்டதைத்தான் நாம் பார்க்கிறோம் என்று சொன்னால் போதும். "நிஜப் பூச்சியா?" என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ரசம் சாப்பிடாது.

சிவந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சள். அமிலம் ஹைட்ரஜன் அயனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். மறுபடி சோப்பு, மறுபடி எலுமிச்சை என்று காகிதம் கிழியும்வரை பிள்ளைகள் இதையே செய்வார்கள். செய்யட்டும். அடுத்ததாக சோப்புத் தண்ணீரில் குச்சியை நனைத்து மஞ்சள் காகிதத்தில் பெயர் எழுதச் சொல்லலாம், எழுத்து சிவப்பாக எழும்பி வரும்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு: காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், எலுமிச்சைக்கும் வெறும் தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. அதற்கு நீலச் சங்குப்பூ இருக்கிறது. ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் நல்ல நீலமாகிவிடும். மூன்று டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும், இன்னொன்றில் ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்து வரும், மூன்றாவது அப்படியே ஒப்பிட்டுப் பார்க்க. இதில் வேலை செய்வது ஆந்தோசயனின் என்ற நிறமி வகை. செம்பருத்தி, நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல் எல்லாவற்றிலும் அந்தக் குடும்பம்தான். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் இதற்குச் சிவப்பு முட்டைக்கோஸைத் தேடச் சொல்லும், வேலியில் சங்குப்பூ படர்ந்திருக்கும் ஊரில் அது வீண் அலைச்சல்.

ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1664-இல் ஊதா வயலட் பூவின் சாற்றை வைத்து இதையேதான் செய்தார், அமிலம் விட்டால் சிவப்பு, காரம் விட்டால் பச்சை என்று எழுதி வைத்தார். பூவின் நிறத்தைப் பார்த்து அமிலம், காரம் என்று சொல்லலாமே தவிர எவ்வளவு என்று சொல்ல முடியாதே? அந்த அளவுகோல் 1909-இல்தான் வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் கொண்டுவந்த பி.எச். கணக்கு அது. 7 என்றால் நடுநிலை, கீழே போகப் போக அமிலம், மேலே போனால் காரம், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு சுமார் 2, ஆக நடுநிலைத் தண்ணீரைவிட லட்சம் மடங்கு அமிலம். ஆப்ப சோடா கரைசல் 8-ஐ ஒட்டி நிற்கும், மஞ்சள் நிறம் மாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அங்கேதான், அதனால்தான் காகிதம் பாதி வழியில் ஆரஞ்சோடு நின்றது. சோப்பு 9, 10 வரை போகும்.

பீட்ரூட்டையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நிறம் இருக்கிறதே, இதுவும் மாறும் என்று பிள்ளை அடித்துச் சொல்லும், எலுமிச்சை பிழிந்தால் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகாது. அதன் நிறமி பீட்டலைன் என்ற வேறு வகை. ஊகம் தோற்றுப்போகும் ஒரு சோதனையாவது பட்டியலில் இருந்தால்தான் பிள்ளை அடுத்த முறை யோசித்துப் பதில் சொல்லும்.

இருட்டியதும் இன்னொன்று பாக்கி இருக்கிறது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் கிடைத்தால், விளக்கை அணைத்துவிட்டு மீதமிருக்கும் மஞ்சள் சானிடைசர் நீரின் மேல் அடித்துப் பாருங்கள், பச்சை கலந்த மஞ்சளில் பளிச்சென்று ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகக் குர்குமின் திருப்பி அனுப்புகிறது. டார்ச் உங்கள் கையிலேயே இருக்கட்டும், யார் கண்ணுக்கு நேராகவும் அடிக்கக் கூடாது. அப்படியே கொடியில் கிடக்கும் துவைத்த வெள்ளைச் சட்டைப் பக்கமும் திருப்புங்கள், அது நீலமாக மின்னும். துணியை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருளின் வேலை அது.